ஏழு புத்தகப் பெட்டி நாலாவதுல ஏன் நிக்குது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி குடியாத்தத்துலேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஹாரி பாட்டர் ஏழையும் பெட்டியோட வாங்கித் தந்தோம். மூணு படிச்சா, நாலாவது ரெண்டு மாசமா கட்டில் மேலயே கிடக்குது. இப்ப ஹங்கர் கேம்ஸ் கேக்குறா. வாங்கலாமா, அதுவும் பாதியில நின்னுடுமா? இந்த மாதிரி தொடர்களை எந்த வரிசையில வாங்கறது?"

பொண்ணைத் திட்டாதீங்கம்மா. அவ நின்ன இடம் அப்படி. பிரிட்டிஷ் பதிப்பைப் பாருங்க. மொத புத்தகம் 223 பக்கம், ரெண்டாவது 251, மூணாவது 317. நாலாவது 636! அஞ்சாவது 766. மூணுலேர்ந்து நாலுக்குப் போறப்ப ஒரே தாவா ரெட்டிப்பாயிடுது. பக்கத்தைக்கூட விடுங்க. மொத புத்தகத்துல ஏழாவது அத்தியாயத்துலயே தலையில தொப்பியை வெச்சு எந்த விடுதின்னு சொல்லிடுவாங்க, கதை ஸ்கூலுக்குள்ள வந்துடும். நாலாவதுல ஸ்கூல் வாசலை மிதிக்கவே 12ஆவது அத்தியாயம் ஆவுது. அதுக்குள்ள ஒரு பாழடைஞ்ச பங்களா, ஒரு தோட்டக்காரத் தாத்தா, அப்புறம் துடைப்பத்துல பறந்து ஆடுற குவிடிச் விளையாட்டோட உலகக் கோப்பை, அங்க நடக்குற கலாட்டா. எல்லாம் பின்னாடி தேவைப்படும், ஆனா படிக்கிற பசங்களுக்கு அது அப்பத் தெரியாது. "ஹாக்வர்ட்ஸ் ஸ்கூல் எப்ப வரும்"னு பார்த்துட்டு மூடி வெச்சுடுவாங்க.

இன்னொண்ணு. 1997லேர்ந்து 2007 வரைக்கும் பத்து வருஷத்துல வந்த தொடர் இது. நாலாவது 2000, அஞ்சாவது 2003. அன்னிக்குப் படிச்ச பசங்க நடுவுல மூணு வருஷம் வளர்ந்துட்டாங்க, புத்தகமும் அவங்களோட சேர்ந்து வளர்ந்துச்சு. இப்ப ஏழும் ஒரே நாள்ல பெட்டியில வந்து இறங்குது. அதனால நாலாவதைக் கோடை லீவுக்கு எடுத்து வைங்க. மொத்தம் 37 அத்தியாயம். ஒரு நாளைக்கு ரெண்டு வீதம்னா ஆறாவது நாள் ஸ்கூல் வந்துடும், மிச்சத்தை அவளே ஓட்டிடுவா. மறந்துபோச்சேன்னு மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேணாம். மூணாவதோட கடைசி நாலு அத்தியாயத்தைத் திரும்பப் படிச்சா நூல் கிடைச்சுடும்.

ஹங்கர் கேம்ஸ் விஷயத்துக்கு வர்றேன். ஒன்பதாவதுன்னா மொத புத்தகம் தாராளமா தரலாம். 12லேர்ந்து 18 வயசுக்குள்ள இருக்கிற 24 பசங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருத்தரை ஒருத்தர் கொல்ல வெச்சு டிவியில காட்டுறாங்க. இதுதான் கதை, தெரிஞ்சு வாங்குங்க. இதோட இங்கிலீஷ், ஹாரி பாட்டரைவிட சுலபம். கதை நாயகியே "நான் நடக்கிறேன், நான் பார்க்கிறேன்"னு நிகழ்காலத்துல சொல்லிட்டுப் போறா, வாக்கியம் எல்லாம் சின்னச் சின்னது. கட்டுமானமும் கச்சிதம். ஒவ்வொரு புத்தகமும் மூணு பாகம், பாகத்துக்கு 9 அத்தியாயம், ஆக 27. பத்தாவது அத்தியாயம் முடியிறப்பதான் களத்துக்குள்ளயே கொண்டு வந்து விடுறாங்க, ஆனா ஒரு இடத்துலயும் அலுக்காது. எழுதின சூசன் காலின்ஸ் முன்னாடி குழந்தைகள் டிவிக்கு எழுதினவங்க. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எங்க வெட்டணும்னு தெரியும். நம்ம பாட்டிங்க கல்கி இதழுக்கு வாரா வாரம் காத்துக்கிட்டிருந்தாங்களே, அதே "தொடரும்" வேலைதான்.

இதுல எங்க நிக்கும்னா, மூணாவதுல. அதுல போட்டியே கிடையாது. பூமிக்கு அடியில இருக்கிற 13ஆவது மாவட்டம், ஆஸ்பத்திரி, பிரச்சாரப் படம் எடுக்குறது, போர். ரெண்டு புத்தகமா ஓடிட்டிருந்தவ இதுல படுத்துக் கிடக்குறா. போர் முடிஞ்சவங்க மனசு எப்படி இருக்கும்னு காட்டுறதுக்காக வேணும்னே அப்படி எழுதியிருக்காங்க. என் கணக்குல மூணுலயும் கனமான புத்தகம் இதுதான். பதினஞ்சு, பதினாறு வயசுக்கு மேல கொடுங்க. 2020லயும் 2025லயும் வந்த முன்கதை ரெண்டும் மூணையும் முடிச்சப்புறம்தான். முன்கதைதானேன்னு 2020ல வந்ததை மொதல்ல கொடுத்தீங்கன்னா, வில்லன் யாருன்னு தெரியாமலே அவனோட வாலிபத்தைப் படிப்பா. காரம் இருக்காது.

டைவர்ஜென்ட் கேட்டான்னா? மொதலை லைப்ரரியில எடுத்துக் கொடுங்க, போதும். ரெண்டு புத்தகம் நாயகி ஒருத்தி குரல்ல போகுது. மூணாவதுல அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவளும் அவ காதலனும் மாத்தி மாத்திச் சொல்றாங்க. ரெண்டு குரலுக்கும் வித்தியாசமே தெரியாது, தலைப்புல போட்டிருக்கிற பேரைத் திரும்பத் திரும்பப் பார்க்கணும்.

வரிசைன்னு கேட்டீங்களே, அதுல பெரிய பொறி நார்னியாதான். ஏழு புத்தகம், 1950லேர்ந்து 1956க்குள்ள வந்தது. இப்ப கடையில கிடைக்குற பதிப்புல முதுகுல நம்பர் போட்டிருப்பாங்க, அதை நம்பாதீங்க. அது கதைக்குள்ள நடக்குற கால வரிசை. அதுல "1"ன்னு இருக்கிற மந்திரவாதி மருமகன் கதை, நிஜமா 1955ல ஆறாவதா வந்தது. மொதல்ல வந்தது சிங்கம், சூனியக்காரி, அலமாரி கதைதான். அதுல ஒரு சின்னப் பொண்ணு துணி அலமாரிக்குள்ள பூந்து போவா. ரோமக் கோட்டு முடிஞ்சு பனி வரும், மரம் வரும், நடுக்காட்டுல ஒரு தெரு விளக்கு எரியும். ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுல தெரு விளக்குக் கம்பம் எப்படி? அந்தத் திகைப்புலதான் முழுக் கதையும் நிக்குது. நம்பர் படி படிச்சா, கம்பம் எப்படி முளைச்சுதுன்னு முன்னாடியே சொல்லியாச்சு. மாயாஜாலக்காரன் ரகசியத்தைச் சொல்லிட்டு வித்தை காட்டுற கதை! புத்தகத்தோட உள்பக்கத்துல, பதிப்புரிமைத் தகவல் இருக்குமே, அங்க முதல் பதிப்பு வருஷத்தைப் பாருங்க. எந்தத் தொடரா இருந்தாலும் மொத தடவை அந்த வருஷப்படி படிக்கிறதுதான் சரி.

பெர்சி ஜாக்சன் அஞ்சும் (2005–2009) கண்ணை மூடிட்டு வாங்கலாம், ஏழாவது, எட்டாவது பசங்களுக்கு. அஞ்சும் ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே பையன் பேசுறான், கிண்டல் அதிகம். தேங்குறது அதுக்கு அடுத்த தொடர்ல. அதோட மொத புத்தகம் 500 பக்கத்தைத் தாண்டும், மூணு புது ஆளுங்க, பெர்சியையே காணோம். அதனால ரெண்டையும் சேர்த்து வாங்காதீங்க. ரோஷணி சோக்ஷி எழுதின ஆரு ஷா தொடர் ஒண்ணு இருக்குது, பாண்டவர் கதையை இன்னிக்கு அமெரிக்காவுல பொறந்த பொண்ணுங்க மேல ஏத்தினது. நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இதுல ஒரு வசதி. திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்துல அர்ச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் பார்த்த பொண்ணு, "இது இப்படியில்லையே"ன்னு புத்தகத்தோட சண்டை போட்டுக்கிட்டே படிப்பா. வெட்டின தலையை ஊர்வலமா கொண்டு வந்து உடம்போட சேர்க்குற கெங்கையம்மன் சிரசை வருஷா வருஷம் பார்க்குற குடியாத்தத்துப் பொண்ணுக்கு மாய உலகம் ஒண்ணும் புதுசு கிடையாது.

அறிவியல் கதைன்னா நான் சொல்றது மார்ட்டல் எஞ்சின்ஸ், பிலிப் ரீவ் எழுதினது, 2001. நம்ம வேலூரை வெச்சு ஒரு பேச்சு உண்டு இல்லீங்களா? தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981லயே திரும்ப வந்துட்டாரு, பேச்சு மட்டும் மாறல. நாலே "இல்லை"யில ஊரைக் கண்ணு முன்னாடி நிறுத்திடுது பாருங்க. ரீவ் அதை ஒரே வரியில பண்ணுறாரு. வறண்டுபோன கடல் தரையில லண்டன் நகரம் சக்கரத்துல ஓடி ஒரு சின்னச் சுரங்க ஊரைத் துரத்துது. வேலூர் கோட்டையோட கிளம்பி பாலாத்து மணல்ல ஆற்காட்டைத் துரத்திப் புடிச்சு முழுங்குதுன்னு வெச்சுக்கோங்க. பெரிய ஊரு சின்ன ஊரைத் தின்னுது, அதைவிடப் பெருசு அதைத் தின்னுது. வரைபடம், அருஞ்சொல் பட்டியல், வம்சாவளின்னு இருபது பக்கம் போட்டாத்தான் உலகம் புரியும்னா, எழுதினவர் வேலையைப் படிக்கிறவங்க தலையில கட்டுறாருன்னு அர்த்தம். நாலு புத்தகம், மூணாவதுல சுமார் பதினாறு வருஷம் தாண்டிக் குதிச்சு அடுத்த தலைமுறைக்குப் போயிடும். அதை மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க.

உர்சுலா லெ குவினோட எர்த்சீயும் அதே மாதிரிதான். 1968ல வந்த மொத புத்தகம் மெலிசு, ஒரு பொருளோட உண்மைப் பேரு தெரிஞ்சாத்தான் மந்திரம் பலிக்கும்னு ஒரே விதி. ரெண்டாவதைப் பிரிச்சா வேற ஒரு பொண்ணு, இருட்டுச் சுரங்கம். மொத கதையோட நாயகன் பாதி நெருங்குறப்பதான் வருவான். தப்பான புத்தகம் வந்துடுச்சுன்னு கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போயிடாதீங்க. ஒரு விஷயம், அந்த நாயகன் செம்பு நிறத்துக்காரன். பழைய அட்டைகள் பலதுல வெள்ளைக்காரனா வரைஞ்சு வெச்சிருப்பாங்க.

தமிழ்ல வேணும்னா சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா', தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. குழந்தை பெத்துக்க அரசாங்க அனுமதி வாங்கணும், எல்லாரும் கும்பிடுற ஒரு தலைவர், நடுவுல பேசுற ஒரு இயந்திர நாய். ஹங்கர் கேம்ஸுக்கு இருபது வருஷம் முன்னாடி வந்தது. ரெண்டே புத்தகம், எங்கயும் நிக்காது.

கடைசியா வாங்குற விஷயம். பெட்டியோட வேணாம், ஒண்ணொண்ணா வாங்குங்க. நடைபாதையில பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பாருங்க. ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கத்து எழுத்து தெளிவா தெரியுதுன்னா போலிப் பதிப்பா இருக்கலாம். அப்புறம் பக்க எண்ணைச் சரசரன்னு புரட்டுங்க. பைண்டிங்ல ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடிச்ச ஒரு கட்டுத் தாள், விட்டுப்போனா 16 பக்கம் சேர்ந்தாப்ல இருக்காது, இல்லன்னா அதே 16 ரெண்டு தடவை வரும். அதுவும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து கதை சூடு பிடிக்கிறப்பதான் தெரியும். நாலாவது புத்தகத்துக்கும் இந்தச் சோதனையை ஒரு தடவை பண்ணிப் பாருங்கம்மா, யாரு கண்டது.

அடுத்தது வாலாஜாப்பேட்டையிலேர்ந்து ஒரு தம்பி, டிராகன் கதைங்க பத்தி.