பாதம் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறதா?

எல்லோருக்கும் வணக்கம். பாலே கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களைக் கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்லத்தான் நான் வந்தேன்.

10 வயதுப் பெண் முதல் நிலையில் நிற்கிறாள். குதிகால்கள் ஒட்டி, பாதங்கள் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில். பார்க்க அழகுதான். குனிந்து பார்த்தால் வேறு கதை. உள்ளங்கால் வளைவு தரையோடு படிந்திருக்கிறது, பெருவிரல் தரையைக் கவ்வுகிறது, முட்டி முன்னால் பார்க்கிறது. அவள் முட்டியை மடக்கி, பாதத்தைத் திருப்பி ஊன்றி, அப்புறம் முட்டியை நிமிர்த்தியிருக்கிறாள். இடுப்பு மூட்டு தரவேண்டிய திருப்பத்துக்கு முட்டியும் கணுக்காலும் கடன் கொடுக்கின்றன. வழுக்கும் தரையில் சாக்ஸோடு, முட்டியை மடக்காமல், காலைத் திருப்பச் சொல்லுங்கள். பாதி காணாமல் போகும். மிச்சம் இருப்பதுதான் அவளுடைய நிஜமான டர்ன்-அவுட், அதாவது இடுப்பிலிருந்து கால் வெளிப்பக்கம் திரும்பும் அளவு.

‘என் பெண் ரப்பர் மாதிரி வளைவாள்’ என்று சொல்வார்கள். எனக்கு அங்கேதான் கவலை. தளர்ந்த மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசை பலம் இன்னும் கூடுதலாக வேண்டும். கைதட்டல் வாங்குவதோ வளைவு மட்டும்.

கிடுகிடுவென்று உயரும் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். போன மாதம் செய்த சுழற்சி இந்த மாதம் தடுமாறும். அது சோம்பேறித்தனம் இல்லை. குதிகாலிலும் முட்டிக்குக் கீழும் வலி வருவது இந்தப் பருவத்தில்தான். அப்போது குதிப்புகளைக் குறைக்க வேண்டும். பல இடங்களில் நிகழ்ச்சிக்காகக் கூட்டுகிறார்கள்!

கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயின்ட் ஷூ பற்றி ஒரு வார்த்தை. 12 வயது முடிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். ஒற்றைக் காலில், பிடிமானமின்றி, கணுக்கால் சரியாமல் திரும்பத் திரும்பக் குதிகாலை உயர்த்த முடிகிறதா? இல்லையென்றால் ஷூ காத்திருக்கட்டும்.

சரி, வலி விஷயம். நிகழ்ச்சியில் கிடைத்த பாத்திரம் கைநழுவிவிடுமோ என்று பிள்ளைகள் மறைப்பார்கள். ஆட்டத்துக்குப் பின் பாதம் முழுவதும் லேசாக வலித்தால் ஓய்வில் அடங்கலாம். பெருவிரலுக்கு அடுத்த விரலின் பின்னால், பாத எலும்பில் ஒரே இடத்தை அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா? எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். முதலில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே வகுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.