பகலில் பாரதம், இரவில் கூத்து

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தர்மராஜா கோயிலைப் பற்றி நான் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சில ஊரில் திரௌபதி அம்மன் கோயில் என்பார்கள், சில ஊரில் தர்மராஜா கோயில் என்பார்கள். பெரிய கோபுரமெல்லாம் இருக்காது. உள்ளே தர்மர், அவர் தம்பிமார், கிருஷ்ணர், அம்மன், வாசல் பக்கம் காவலுக்கு மீசை முறுக்கிய போத்துராஜா, எதிரில் ஒரு பெரிய மைதானம். மற்ற நாளில் அந்த மைதானத்தில் புளியோ ராகியோ காய்ந்துகொண்டிருக்கும். அறுப்பு முடிந்து வெயில் ஏறினால் அங்கேதான் பாரதம் நடக்கும்.

பாரதம் என்றால் பதினெட்டு நாள். கொடியேற்றி, காப்புக் கட்டி, தினமும் மதியம் பாரதச் சொற்பொழிவு, இரவு பத்து மணிக்கு மேல் விடிய விடியக் கூத்து, கடைசியில் துரியோதனனின் மண் உருவத்தை அடித்து வீழ்த்துகிற படுகளம், அன்று சாயங்காலம் தீமிதி, அப்புறம் தர்மர் பட்டாபிஷேகம். பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து தலைக்கட்டு வரி போட்டு, வீட்டு வீட்டுக்கு வசூல் பண்ணி நடத்துகிற திருவிழா. செலவு தாங்காமல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பல ஊரில் நடக்கிறது. இதில் படுகளத்துக்குக் கூட்டம் அலைமோதுகிறது, கூத்துக்கும் கூட்டம் இருக்கிறது. நான் இன்று பேச வந்தது அந்த மதியச் சொற்பொழிவைப் பற்றி. பந்தலில் வயசானவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்க, பிரசங்கியார் ஒருவராகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கிறாரே, அதைப் பற்றி.

என் நெடுநாள் எண்ணம் இதுதான்: பகலில் பாரதம் கேட்காதவர்களுக்கு இரவுக் கூத்து பாதிதான் கிடைக்கும். படுகளத்தில் கால் பாகம் கூடக் கிடைக்காது.

பந்தலில் எப்படி நடக்கும் என்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் பிரசங்கியார், இன்னொருவர் பின்பாட்டு. பின்பாட்டுக்காரர், தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரின் பாட்டை எடுத்து ராகம் போட்டுப் பாடுவார், பிரசங்கியார் அதைப் பிரித்து, நம்ம பேச்சில் கதையாகச் சொல்வார், நடுவில் ஊர் நியாயம், வீட்டுச் சண்டை, மாமியார் மருமகள் எல்லாம் வந்துவிடும். வில்லிபுத்தூரார் பாடி ஏறக்குறைய 600 ஆண்டு ஆகிறது, 4,000-க்கும் மேற்பட்ட விருத்தங்கள். அவர் பத்துப் பருவத்தோடு, போர் முடிகிற இடத்தில் நிறுத்திக்கொண்டார். நம்ம திருவிழாவும் கிட்டத்தட்ட அங்கேயேதான் முடிகிறது, கவனித்துப் பாருங்கள். இன்னும் பின்னால் போனால், காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம் என்ற ஊரில் கிடைத்த பல்லவர் செப்பேடு, 7-ஆம் நூற்றாண்டு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, அதில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவருக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர் கூடி உட்கார்ந்து பாரதம் கேட்பது அத்தனை பழசு.

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாரதம் ஆரம்பித்தால் மதியம் களியைக் கிண்டி வைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்துவிடுவார். சூது நடக்கிற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரௌபதி சபையில் நின்று கேட்கிறாள்: என்னைத் தோற்றுத் தன்னைத் தோற்றாரா, தன்னைத் தோற்ற பிறகு என்னைத் தோற்றாரா? தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பிரசங்கியார் அந்தக் கேள்வியை விடவே இல்லை. பீஷ்மர் வாயை மூடிக்கொண்டார், துரோணர் வாயை மூடிக்கொண்டார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, நூறு பேரில் ஒருவன், துரியோதனனின் தம்பி விகர்ணன், எழுந்து நின்று இது நியாயமில்லை என்று சொன்னான் என்றார். பந்தலே 'ச்சு' கொட்டியது. வீடு வருகிற வரைக்கும் ஆயாவும் பக்கத்து வீட்டு அத்தையும் அதே பேச்சுதான். "அத்தன பெரிய மனுசனுங்க இருந்தும் ஒருத்தனும் வாயத் தொறக்கலையே, அந்தப் பையன் ஒருத்தன்தான்டி பேசினான்."

அன்று இரவு அதே கதை கூத்தில். துச்சாதனன் வேடம் கட்டியவர் பூமி அதிர ஆடிக்கொண்டு வருகிறார், புஜக்கட்டை, கிரீடம், கையில் கத்தி, முகமெல்லாம் சிவப்பு. திரௌபதி வேடம் கட்டியவரும் ஆண்தான், புடவை கட்டி, கூந்தலை விரித்து நிற்கிறார். துகிலில் கை வைக்கிற நேரம் வந்ததும் மத்தளம் நின்றது. முகவீணை நின்றது. துச்சாதனன் கோயில் பக்கம் திரும்பி, தட்டில் கற்பூரம் ஏற்றி, மண்ணில் விழுந்தார். எழுந்து சபையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், தாயே, வயிற்றுப் பிழைப்புக்கு வேசம் கட்டியிருக்கிறேன், நான் இழுக்கப் போவது உன் சேலை இல்லை, என் குடும்பத்தைக் காப்பாற்று என்று. முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கற்பூரம் அணைகிற வரை காத்திருந்துவிட்டுத்தான் ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவர் இழுக்க, திரௌபதி கோவிந்தா கோவிந்தா என்று கதற, திரௌபதி வேடக்காரர் மயங்கியே சாய்ந்துவிட்டார், நாலு பேர் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

இதை எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள், பல ஊரில் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் அன்று இரவுக் கூத்தில் விகர்ணன் வரவே இல்லை. இரவு மட்டும் வந்தவர்களுக்கு அப்படி ஒருவன் இருந்ததே தெரியாது. பல நாள் கழித்து, போர்ப் பருவத்தில், நூறு பேரையும் கொல்வதாகச் சபதம் போட்ட பீமன் வேறு வழியில்லாமல் விகர்ணனையும் கொன்று, கொன்ற பிறகு அவனுக்காக வருந்தினான் என்று பிரசங்கியார் சொன்னபோது, எங்கள் ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "அன்னைக்கு நியாயம் பேசின புள்ளையாச்சே" என்றார். ஆயா கௌரவர் பக்கத்துப் பிள்ளைக்காக அழுதார் என்பதை நினைத்துப் பாருங்கள். பகலில் கேட்டால்தான் இது நடக்கும், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இரவைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வில்லி பாடாததை எல்லாம் கூத்துதான் வைத்திருக்கிறது. கர்ணன் சாவைச் சொல்கிற கர்ண மோட்சம் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் கர்ணன் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்ததையும், செய்த தர்மத்தின் பலனையும் தானம் பண்ணியதையும் பிரசங்கியார் உருக உருகச் சொல்வார். இரவில் கூத்துக்காரர்கள் பொன்னுருவியைக் கொண்டுவருவார்கள். கர்ணன் மனைவி, தேரோட்டி மகன் என்று அவனைத் தொட விடாமல் வைத்திருந்தவள், போருக்குக் கிளம்புகிற அன்றுதான் அவன் பிறப்பை அறிந்து கதறுகிறாள். இது வில்லியில் கிடையாது. பகலில் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவனை, இரவில் சொந்த வீட்டுக்குள் மரியாதை இல்லாதவனாகப் பார்க்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் கேட்டவர்களுக்குத்தான் கர்ணன் முழுசாகக் கிடைப்பான்.

அப்புறம் மழை. விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது நம்ம பக்கத்து நம்பிக்கை. பாண்டவர் மறைந்திருந்த நாட்டில் மழை தப்பாமல் பெய்தது என்பதுதான் கதை. மானாவாரியை நம்பிச் சாமையும் ராகியும் நிலக்கடலையும் போடுகிற ஊருக்கு அந்த நாளின் அருமை தெரியும். விராட நாட்டு மாடுகளைக் கௌரவர் ஓட்டிப்போக வருகிற மாடுபிடிச் சண்டையும் அந்தப் பருவத்தில்தான், அன்று மதியம் மட்டும் ஆண்களும் பந்தலில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், பிரசங்கியார் பேசப் பேச அவ்வப்போது மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது என்ன ஆகிறது? செலவைக் குறைக்க வேண்டும் என்றால் விழாக்குழு முதலில் கை வைப்பது மதியத்தில்தான். பத்து நாளாகச் சுருக்குகிறார்கள், இல்லையென்றால் சொற்பொழிவை ஒரு மணி நேரமாக வெட்டிவிட்டு, மீதி நேரம் மைக் செட்டில் சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். ஒரு ஊரில் பிரசங்கியார் மேடையில் இருக்கும்போதே பக்கத்துக் கம்பத்தில் வேறு ஒலிபெருக்கி அலறியது, மனசு ரொம்ப வேதனைப்பட்டது. குழுவில் இருக்கிற அண்ணன் தம்பிகளை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: சீரியல் லைட்டைக் குறையுங்கள், வாணவேடிக்கையைக் குறையுங்கள், பிரசங்கியாருக்கும் பின்பாட்டுக்கும் முழு நாளும் முழு சம்பளமும் கொடுங்கள். பள்ளிக்கூடம் விட்ட கோடையில்தானே பெரும்பாலும் நடக்கிறது, பிள்ளைகளை அனுப்புங்கள்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அர்ச்சுனன் தபசைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன்: உயரமான மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் வீச, குழந்தை வரம் கேட்டு ஈரத் துணியோடு பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். படுகளத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன், அவன் தொடையைப் பீமன் அடிக்க, அங்கே புதைத்த பானை உடைந்து சிவப்பு வழியும். அதைத் தொட்டு அம்மன் கூந்தல் முடிக்கிறாள். அதே இடத்தில் காந்தாரி வந்து துடைப்பமும் முறமுமாக ஒப்பாரி வைக்கிறாள், சுற்றி நிற்கிற ஊர்ப் பெண்களும் கூடவே அழுகிறார்கள். ஜெயித்தவள் கூந்தல் முடிகிற இடத்திலேயே தோற்றவனுக்காகவும் அழுகிற வழக்கம் இது. தீமிதிக்கு நேரமில்லை.

இந்தக் கோடையில் உங்கள் பக்கம் பாரத நோட்டீஸ் ஒட்டினால், கூத்துப் பட்டியலுக்கு மேலே பிரசங்கியார் பெயரும் 'மதியம் 2 மணி' என்றும் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். சூது நடக்கிற நாள் எது என்று குறித்துக்கொண்டு, முதலில் அன்றைக்கு வந்து உட்காருங்கள். வணக்கம்.