கூப்பிட்டால் உங்கள் நாய் ஓடுகிறதா? அதைப் பழக்கியதே நீங்கள்தான்!

[திரையில்: கப்பன் பார்க், ஞாயிறு காலை]

பெங்களூர் கப்பன் பார்க் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் இதைப் பார்க்கலாம். ஒருவர் "ப்ரூனோ வா, வா, டேய் வாடா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார், அந்த ப்ரூனோ நின்று திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமாகக் கிளம்பிவிடும். காது கேட்கவில்லையா? நன்றாகவே கேட்கிறது. "வா" என்று சொன்னால் தள்ளிப் போய்விட வேண்டும் என்று அதற்குப் பழக்கியது வீட்டு ஆட்கள்தான். எப்படி என்று சொல்கிறேன், மாற்றும் வழியையும் சொல்கிறேன். நடுவில் ஒரு விசில் கதை வருகிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது, அதைத் தாண்டிவிடாதீர்கள்.

அறிவியலை வேகமாக முடித்துவிடலாம். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், சத்தம் கேட்டாலே சாப்பாடு வரும் என்று எச்சில் ஊறிய அவருடைய நாய்கள், பள்ளியில் படித்ததுதான். 1898-ல் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைக் கூண்டில் வைத்துச் சோதித்து ஒன்றைக் காட்டினார்: ஒரு காரியம் செய்ததும் நல்லது நடந்தால் விலங்கு அதைத் திரும்பச் செய்யும். சரி, அவ்வளவு போதும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். நாயை எதற்கெல்லாம் "வா" என்று கூப்பிடுகிறீர்கள்? குளிப்பாட்ட, நகம் வெட்ட, மாத்திரை கொடுக்க, ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பெல்ட் மாட்டி வீட்டுக்கு இழுத்து வர. அப்புறம் பத்து நிமிஷம் அலையவிட்டு ஒருவழியாக அது வந்து நின்றால் முதுகில் ஒரு தட்டு, "எங்கடா போனே" என்று ஒரு சத்தம். அது கடைசியாகச் செய்த காரியம் உங்களிடம் வந்தது, அடி விழுந்ததும் அதற்குத்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதனால், எவ்வளவு கோபம் இருந்தாலும் வந்த நாயைத் திட்டவே கூடாது. குளிப்பாட்ட வேண்டுமா, நீங்களே எழுந்து போய் அழைத்து வாருங்கள், அந்தக் கூப்பிடும் சொல்லை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

சீட்டு கட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும். எடுத்தவருக்குப் பணம் ஒழுங்காகக் கைக்கு வரும்வரைதான் மற்றவர்கள் நம்பிக் கட்டுவார்கள், ஒரு மாதம் கை விரித்தால் தெருவே ஒதுங்கிவிடும். நாயும் உங்கள் குரலை அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது.

பெங்களூரில் இது இன்னும் முக்கியம். 2023-ல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்களே சுமார் 2.79 லட்சம். ஒவ்வொரு தெருமுனையும் ஏதோ ஒரு தெருநாயின் எல்லை, நடுவில் ஸ்கூட்டரும் ஆட்டோவும். கேட் திறந்திருந்த அந்த ஒரு நொடியில் உங்கள் குரலை விட்டால் வேறு பிடிமானம் இல்லை.

பழக்குவது வீட்டுக்குள்தான் ஆரம்பம். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேராமல் வேகவைத்த சிக்கனைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் தினமும் கிடைப்பது, அதற்கெல்லாம் அணிலை விட்டுவிட்டு எந்த நாயும் வராது. இரண்டடி தூரத்தில் நின்று ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள், வந்ததும் கொடுங்கள். அம்மா "வா" என்பார், பையன் "கம்" என்பான், வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் "பா பா" என்பார், பாவம் அது என்ன செய்யும்? வீட்டுக்கே ஒரு சொல் வையுங்கள்.

[திரையில்: கையும் காலர் பட்டையும், மிக அருகில்]

இதை உற்றுப் பாருங்கள். நிறைய நாய்கள் வரும், ஆனால் கை எட்டாத தூரத்தில் நின்றுவிடும், பிடிக்கக் குனிந்தால் துள்ளி விலகும். கை நீண்டால் ஆட்டம் முடிந்தது என்று அதற்குத் தெரியும். ஆகவே சிக்கனை உங்கள் முழங்காலோடு ஒட்டிக் காட்டுங்கள், அது பக்கத்தில் வந்ததும் இன்னொரு கையின் இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே காலருக்குள் மெதுவாக நுழையுங்கள், விரல் உள்ளே இருக்கும்போதே சிக்கனைக் கொடுங்கள், உடனே "போ" என்று விட்டுவிடுங்கள். அந்த "போ" ரொம்ப முக்கியம். வந்தாலும் விளையாட்டு தொடரும் என்று அது நம்ப வேண்டும்.

இனி விசில்! 1876-ல் ஃபிரான்சிஸ் கால்டன், விரல்ரேகை ஆராய்ச்சி செய்த அதே ஆள், மனிதக் காது எதுவரை கேட்கும் என்று சோதிக்க ஒரு விசில் செய்தார். நமக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000. மனிதர் அதோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. விசிலைக் கைத்தடி நுனியில் பொருத்தி, பிடியில் ரப்பரை அழுத்தினால் ஊதும்படி செய்து, லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஒவ்வொரு விலங்கின் காதோரமும் நீட்டிப் பார்த்தார்! தெருவில் ஊதிக்கொண்டே நடந்தால் சின்ன ரக நாய்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தனவாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சோம்பலாகப் படுத்துக் கிடந்த பெரிய நாய்களிடம் மணிக்கணக்காக ஊதியும் ஒன்றுகூட அசையவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். எல்லோரையும்விட நன்றாகக் கேட்டது பூனைகளாம். கிருதா வைத்த ஒரு பெரிய மனிதர் நாயிடம் கைத்தடியை நீட்டிக்கொண்டு நிற்கும் காட்சியை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

நமக்கு அந்த ஊமை விசில் வேண்டாம், என் கருத்து அது. ஊதியதா இல்லையா என்று நமக்கே தெரியாது. விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண விசில் போதும். விசிலுக்குக் கோபம் வராது, பதற்றம் வராது, வீட்டில் யார் ஊதினாலும் ஒரே ஒலி. முதலில் விசில், உடனே சிக்கன், அப்படியே பழக்குங்கள்.

அடுத்தது அபார்ட்மென்ட் வராந்தா, கதவு பூட்டிய மொட்டை மாடி, அப்புறம்தான் வெளியே, அதுவும் பத்து மீட்டர் பருத்திக் கயிற்றோடு. கயிற்றை உடம்புப் பட்டையில் மாட்டுங்கள், கழுத்தில் மாட்டினால் ஓடிப்போய்ச் சுண்டி இழுக்கும்போது கழுத்துக்கு ஆபத்து. நைலான் வேண்டாம், உள்ளங்கை எரியும்.

கை நழுவி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். நீங்கள் எதிர்த்திசையில் கூவிக்கொண்டே ஓடுங்கள், அல்லது குந்தி உட்காருங்கள், நிறைய நாய்கள் திரும்பி வரும். ஆனால் தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்ட நாய்க்கு எந்தப் பயிற்சியும் காதில் ஏறாது, அந்த வாரம் முழுக்கக் கயிறு, கழுத்தில் போன் நம்பர்.

ஊரிலிருந்து சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் கொண்டு வந்து வளர்ப்பவர்கள் தனியாகக் கேளுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தப் பிறந்த வேட்டை நாய்கள், முயல் போல் ஏதாவது ஓடினால் உங்கள் குரல் அப்புறம்தான். வேலி இல்லாத இடத்தில் கயிற்றைக் கழற்றவே வேண்டாம். உங்கள் வீட்டில் சிப்பிப்பாறை இருந்தால் எதைக் கொடுத்தால் திரும்பி வருகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.