தரங்கம்பாடியின் வரலாறு யார் வீட்டுப் பரணில் இருக்கிறது?

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

தரங்கம்பாடியைப் பற்றித் தரங்கம்பாடிக்காரர்களிடமே பேசுவதில் எனக்கு ஒரு சங்கடம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு இந்த இடத்தைக் கொடுத்தார், டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள், 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் கடற்கரையில் சுண்டல் விற்கிற பையன்கூடச் சொல்லிவிடுவான். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் கேட்க வந்தது வேறு. இந்த ஊரைப் பற்றி எழுதி வைத்த காகிதமெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?

ரகுநாத நாயக்கர் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிஷன்காரர்களின் கடிதங்களும் இங்கிருந்து போன ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கின்றன. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே இறங்கினார். சில வருடம் கழித்து அவரும் கூட இருந்தவர்களும் இந்தப் பக்கத்துத் தமிழர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு எழுதி வாங்கினார்கள். உங்கள் சாமி என்ன, கல்யாணம் எப்படி, வைத்தியம் எப்படி, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று. நம் ஆட்களும் சளைக்காமல் பதில் எழுதினார்கள். சில பதில்களில் வந்தவர்களின் பழக்கவழக்கத்தையே திருப்பிக் குறை சொல்லியிருக்கிறார்கள்! அந்தக் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சடித்தார்கள். தமிழ் மூலம் கிடைக்கவில்லை. முந்நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்க்காரர் பேசியதை நாம் ஜெர்மன்காரர் வாய்வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் காகிதத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. 1713-ல் தமிழ் எழுத்துகள் அச்சுக்கு வந்து சேர்ந்தன, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது. காகிதம் செய்யப் பட்டறையே போட்டார்கள். பொறையார் பக்கம் கடுதாசிப்பட்டறை என்று இன்னும் சொல்கிறோமே, அதுதான்.

கட்டடத்துக்கு வருகிறேன். கட்டடத்தைப் பொறுத்தவரை நிலைமை பரவாயில்லை. சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற இன்டாக் அமைப்பு திண்ணை வீடுகளைச் சரிசெய்து கொடுத்தது. டேனிஷ்காரர்களும் பணமும் ஆளும் அனுப்பினார்கள். கவர்னர் பங்களா இடிந்து கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும். ஒரு குறை மட்டும் சொல்கிறேன். சுற்றுலாப் பலகையைப் பார்த்தால் ஊர் 1620-ல்தான் பிறந்த மாதிரி இருக்கிறது. மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கடல் பாதியைத் தின்ற பிறகும் நிற்கிறது. டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே இங்கே பட்டினம் இருந்தது, வியாபாரம் இருந்தது. அதற்கும் பலகையில் நாலு வரி இடம் இருக்கும்.

வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். உப்புக்காற்று ஊர் இது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். சிமெண்டைப் போட்டு அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் உப்பு உள்ளேயே பூக்கும், செங்கல் மாவாக உதிரும். கொத்தனார் கெட்டியாக நிற்கும் என்றுதான் சொல்வார். நிற்பது சிமெண்ட் பூச்சுதான், உள்ளே இருக்கிற சுவர் இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், கூலியும் அதிகம். ஆனாலும் அதுதான் வழி.

சரி, காகிதத்துக்கே திரும்புகிறேன். கட்டடத்துக்கு இன்டாக் வரும், தொல்லியல் துறை வரும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அதில் தாத்தா காலத்துப் பத்திரம் இருக்கிறது, கடைக் கணக்கு இருக்கிறது, யார் யார் என்று பெயர் தெரியாத கல்யாண போட்டோ இருக்கிறது. மீனவர் பஞ்சாயத்தின் பழைய நோட்டு எங்கேயோ கிடக்கிறது. வருடா வருடம் போகிக்குப் பரணைச் சுத்தம் செய்கிறோம், பாதி வரலாறு அன்று காலையிலேயே புகைந்துவிடுகிறது. எரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவிட்டு, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். போட்டோவின் பின்னால் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை முன்பக்கம் ஊறிவிடும். ஓலைச்சுவடி இருந்தால் பூஜை அறையில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டது போதும். தெரிந்தவர்களிடம் காட்டிச் சுத்தம் செய்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். பூச்சி அண்டாது.

எழுதாமல் இருப்பதுதான் இன்னும் அதிகம். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே எவ்வளவு மணல் இருந்தது, கட்டுமரத்தில் போனவர்கள் கரையில் எதைப் பார்த்து அடையாளம் வைத்தார்கள், இதெல்லாம் எந்தக் காப்பகத்திலும் இல்லை. அப்புறம் நம்முடைய ரயில். 1926-ல் மாயவரத்திலிருந்து வந்தது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். டேனிஷ்காரரைப் பற்றிப் புத்தகம் அடுக்கடுக்காக இருக்கிறது. அறுபது வருடம் ஓடிய ரயிலைப் பற்றி நம்மிடம் என்ன இருக்கிறது? அது நின்றபோது இருபது வயதாக இருந்தவர்களுக்கே இப்போது அறுபதாகிறது. டிக்கெட் என்ன விலை, மீன்கூடையை எந்தப் பெட்டியில் ஏற்றினார்கள், நின்ற பிறகு வியாபாரம் எங்கே போனது என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

அதைக் கேட்க பேராசிரியர் யாரும் வேண்டாம். பின்னால் நிற்கிற தம்பிகள் கையில் போன் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாத்தாவையோ பக்கத்து வீட்டு ஆச்சியையோ உட்கார வைத்துப் பேச விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். பதிவு தொடங்கும்போதே அவர் பெயர், வயது, தெரு, அன்றைய தேதி எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அது யார் குரல் என்று உங்களுக்கே தெரியாது.