சவப்பெட்டிக்குள்ள போன மரகத மோதிரம்: ஒரு பிரிட்டன் பிரதமரோட காதல்

[திரையில்: மரகத மோதிரம்]

வணக்கம் மக்களே! இந்த மாதிரி ஒரு மோதிரம். அம்மா போட்டிருந்தது. அதைக் காதலியோட சவப்பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லிக் கொடுத்தாரு ஒருத்தர். பாலஸ்தீனத்துல யூதர்களுக்கு ஒரு தாயகம்னு பிரிட்டன் சொன்ன பால்ஃபர் பிரகடனத்தைப் பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதே ஆர்தர் பால்ஃபர்தான்!

அந்தப் பொண்ணு மே லிட்டல்டன். பிரிட்டன் பிரதமரா இருந்த கிளாட்ஸ்டனோட மனைவிக்குத் தங்கச்சி மகள். 1875 மார்ச் 21, குருத்தோலை ஞாயிறு. காய்ச்சல்ல மே போயிட்டாங்க. நிச்சயதார்த்தம்கூட நடக்கல. பால்ஃபருக்கு அப்போ 26 வயசு. மே-யோட முடிக்கற்றைய ஒரு வெள்ளிப் பெட்டி செஞ்சு அதுக்குள்ள பத்திரப்படுத்தினாரு. 1902ல பிரதமர் ஆனாரு. கல்யாணம் மட்டும் கடைசி வரைக்கும் பண்ணிக்கல.

இதுல அறிவியல் எங்க வருது? அவரு வீட்டுக்குள்ளயேதான். அக்கா ஈவ்லினோட கணவர் ரேலே பிரபு, ஆர்கான் வாயுவுக்காக 1904ல நோபல் வாங்கினவரு. மூத்த அக்கா எலினோர், அந்த ரேலேகூட கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துல உட்கார்ந்து மின்தடைய அளந்தவங்க. எலினோரோட கணவர் சிட்ஜ்விக்தான் 1882ல ஆவி, அமானுஷ்யம் எல்லாத்தையும் ஆராயத் தொடங்கின சங்கத்துக்கு முதல் தலைவர். முழிச்சிருக்கும்போதே இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கா, குரல் கேட்டிருக்கான்னு 17,000 பேர்கிட்ட கேட்டு, எலினோரும் அவங்க குழுவும் 1894ல அறிக்கை போட்டாங்க. மின்தடைய அளந்த அதே கை! எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள் இவங்கதான்.

இப்போ முக்கியமான கட்டம். ஸ்கிப் பண்ணிடாதீங்க.

1901ல இருந்து சில பெண்கள் கையில பேனாவப் பிடிச்சுக்கிட்டு, மனசை விட்டுட்டு, வர்றதை வரவிட்டு எழுதினாங்க. இறந்தவங்கதான் அந்தக் கை வழியா எழுதுறாங்கன்னு ஒரு நம்பிக்கை. ஒருத்தர் கேம்பிரிட்ஜ்ல கிரேக்கமும் லத்தீனும் கரைச்சுக் குடிச்ச மார்கரெட் வெரால். இன்னொருத்தர் இந்தியாவுல இருந்த ஆலிஸ் ஃபிளமிங், 'ஜங்கிள் புக்' எழுதின கிப்ளிங்கோட தங்கச்சி. ஒரு வெண்பாவைச் சீர் சீரா பிச்சு, ஆளுக்கு ரெண்டு சீர் கொடுத்தா எப்படி இருக்கும்? தனியாப் பார்த்தா ஒண்ணும் புரியாது. சேர்த்து வச்சாதான் அடி கிடைக்கும். அப்படித்தான் இந்த எழுத்துகளும். ஒரு தாள்ல குருத்தோலை. இன்னொண்ணுல கூந்தல். அப்புறம் மெழுகுவர்த்தி. மே மெழுகுவர்த்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஒரு போட்டோ நிஜமாவே உண்டு!

உடம்பு சிலிர்க்குதுல்ல? எனக்கும் சிலிர்த்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்தத் தாள்களுக்குப் பொருள் சொன்னவங்கள்ல முக்கியமானவரு ஜெரால்டு பால்ஃபர். ஆர்தரோட சொந்தத் தம்பி. ஆயிரக்கணக்கான வரிகளுக்குள்ள அண்ணனோட துக்கத்தைத் தேடுறவருக்கு அது கிடைக்கத்தான் செய்யும். அதனால இறந்துபோன மே பேசினதுக்கு இது ஆதாரம்னு நான் ஏத்துக்கல. நீங்க ஏத்துக்குவீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க, ஒவ்வொண்ணா படிக்கிறேன்.

[திரையில்: பால்ஃபர், வயசான காலத்துப் படம்]

குருத்தோலை ஞாயிறு வந்தா மே-யோட அக்கா லவினியா குடும்பத்தோடதான் இருப்பாரு பால்ஃபர். அவரு இறந்தது 1930 மார்ச் 19. மே-யோட நினைவு நாளுக்கு ரெண்டே நாள் இருந்துச்சு.