என்னையுமா, ஐயா?

(நற்கருணைக்கு முந்திய சனிக்கிழமை மாலை, ஆயத்த ஆராதனையில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சபையில் வயதான அம்மா ஒருவர் இருந்தார்கள். ஒரு ஞாயிறும் தவறமாட்டார்கள். கீர்த்தனைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் நற்கருணை ஞாயிறன்று அப்பமும் ரசமும் பெற எல்லாரும் எழுந்து பீடத்தண்டைக்குப் போகும்போது, அவர்கள் மட்டும் இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். ஒருநாள் வீட்டுக்குப் போய் மெதுவாகக் கேட்டேன். இளவயதில் செய்த ஒரு காரியத்தைச் சொன்னார்கள். அது என்னோடு இருக்கட்டும்.

"ஆண்டவரிடம் அறிக்கையிட்டீர்களா, அம்மா?"

"நாப்பது வருஷமா தினமும் அறிக்கையிடுதேன்."

"இயேசு பாவிகளை மன்னிக்கிறவர் என்று நம்புகிறீர்கள்தானே?"

"அதுல என்னய்யா சந்தேகம்? ஊரையெல்லாம் மன்னிப்பாரு. என்னையுமான்னுதான் தெரியல."

அந்த 'என்னையுமா' என்ற கேள்வியைத்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன். அதைக் கேட்டவர்களில் சாதாரணமானவர்கள் மட்டும் இல்லை. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இங்கிலாந்துச் சபையில் அபிஷேகம் பெற்ற குரு. உபவாசம், சிறைச்சாலை ஊழியம், விடியற்கால ஜெபம் எதிலும் குறை வைக்காதவர். அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் புறப்பட்டார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல். பாய் கிழிந்து, தண்ணீர் கப்பலுக்குள் புகுந்தபோது ஆங்கிலேயர் அலறினார்கள். அதே கப்பலில் வந்த மொராவிய சபையார், ஜெர்மானிய விசுவாசிகள், பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாகப் பயப்படுவதில்லை என்றார்கள். வெஸ்லிக்கோ சாகப் பயம். குருவானவருக்கு!

கரையிறங்கியதும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொராவியப் போதகர் அவரிடம் கேட்டார்: "இயேசு கிறிஸ்துவை அறிந்திருக்கிறீரா?" வெஸ்லி சற்றுத் தயங்கி, "அவர் உலக இரட்சகர் என்று அறிவேன்" என்றார். "சரி, உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா?" "என்னை இரட்சிக்க மரித்தார் என்று நம்பியிருக்கிறேன்" என்றார் வெஸ்லி. அது வெறும் வார்த்தையாகத்தான் இருந்தது என்று பின்னால் தம் நாட்குறிப்பில் அவரே ஒத்துக்கொள்கிறார். அந்த அம்மாவின் கேள்வியும் இதுவும் ஒன்றுதானே?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. வெஸ்லி சிறுவனாயிருந்தபோது அவருடைய தாயார் சுசன்னா, நம்முடைய தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த மிஷனரிகளான சீகன்பால்கு, புளூட்சௌ ஆகியோரின் ஊழிய விவரங்களை வாசித்து உள்ளம் உருகினார். அதன்பின் வாரத்தில் ஒரு மாலையை ஒவ்வொரு பிள்ளைக்கென்றும் ஒதுக்கி, ஆத்துமாவைக் குறித்துப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. நம் கடற்கரையிலிருந்து போன செய்தி அந்த வீட்டில் அப்படி வேலை செய்தது.

இரண்டு வருடத்தில் வெஸ்லி தோற்றுப்போனவராய் இங்கிலாந்து திரும்பினார். 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். விருப்பமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் இருக்கையில் தம் இருதயம் அனல் கொண்டதை உணர்ந்தார். கிறிஸ்து தம் பாவங்களை, 'என்னுடைய பாவங்களையே' நீக்கினார் என்ற நிச்சயம் கிடைத்ததாக எழுதினார்.

பிரசங்கிகள் அநேகமாக இங்கே முடித்துவிடுவார்கள். நான் முடிக்கமாட்டேன். அன்று இரவே, வீடு திரும்பியபின், பழைய சோதனைகள் அவரை மோதின. கூப்பிட்டு ஜெபித்தார், விலகின, திரும்பத் திரும்ப வந்தன. ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரியில், 'நான் கிறிஸ்தவனே அல்ல' என்றுகூட எழுதிவைத்தார். ஆகவே பிரியமானவர்களே, உங்கள் இருதயத்தில் இன்று அனல் இல்லையென்றால் மன்னிப்பும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அனல் வரும், தணியும். நம் நிச்சயம் அதன்மேல் நிற்கவில்லை.

எதன்மேல் நிற்கிறது? 1 யோவான் 1:9-ஐ நாம் பாதியாகவே கேட்கிறோம். நாம் அறிக்கையிட்டால், மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்". இரக்கம் உள்ளவர் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் நீதி? கொலோசெயர் 2:14-ஐப் பாருங்கள். நமக்கு விரோதமாயிருந்த 'கையெழுத்தை'க் குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார். கிரேக்கத்தில் அந்தச் சொல் கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் சீட்டைக் குறிக்கும். நம் ஊர்ப் பேச்சில் புரோநோட்டு. முதலும் வட்டியும் செலுத்தப்பட்ட கடனை மறுபடி கேட்பது அநியாயம். தேவன் அநியாயம் செய்யமாட்டார்.

என் தாத்தா அத்தை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். பல வருடம் கட்டி அடைத்தார். கொடுத்தவரும் ரெவின்யூ ஸ்டாம்பின் மேலிருந்த கையெழுத்தைக் கிழித்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் தாத்தா, கடன் கொடுத்தவர் வீட்டுத் தெருவழியாகக் கோயிலுக்குப் போகமாட்டார். குளத்துக்கரையைச் சுற்றித்தான் போவார். கடன் போயிற்று, குனிந்த தலை நிமிரவில்லை. ஒருநாள் பாட்டி தகரப்பெட்டியைத் திறந்து அந்தக் கிழிந்த சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதை வாசிங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மனுஷருக்குச் செலுத்தவேண்டியதை மன்னிப்பு ரத்து செய்துவிடாது, அதையும் சொல்லவேண்டும். ஒருவருடைய நிலத்தை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். நாவால் காயப்படுத்தியிருந்தால் போய் மன்னிப்புக் கேளுங்கள். வரி வசூலிக்கிறவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான். ஆனால் இயேசு அதற்கு முன்பே "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுப்பது அவரை உள்ளே வரவழைப்பதற்கான விலை அல்ல.

அந்த அம்மாவிடம் நான் நீண்ட விளக்கம் சொல்லவில்லை. நற்கருணையில் அப்பத்தைக் கொடுக்கும்போது நான் என்ன சொல்கிறேன் என்று கவனித்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். ஒவ்வொருவர் முன்பும் நின்று 'உனக்காக' என்கிறோம். 'உங்கள் எல்லாருக்காகவும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வதில்லை. அடுத்த நற்கருணை ஞாயிறன்று வரிசையின் கடைசியில் வந்தார்கள். கை நடுங்கியது. நானும் அந்த ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னேன்.

நாளைக் காலை ஆராதனை ஏழரை மணிக்கு. இந்த ஆலயத்திலும் இடத்தைவிட்டு எழும்பாதவர்கள் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வாருங்கள். நான் காத்திருப்பேன்.