ரயில் பயணத்தில் நல்ல துணை எதிர் சீட்டுக்காரரே

நடுவர் அய்யா அவர்களே, எனக்கு முன்னால் பேசிய இரு அணித் தோழர்களே, இந்தத் தைப்பனியிலும் பந்தலை விட்டு எழுந்திருக்காத ஈரோட்டு மக்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

'நெடுந்தூர ரயில் பயணத்தில் நல்ல துணை கைப்பேசியா, எதிர் சீட்டுக்காரரா?' என்பது தலைப்பு. எதிர் சீட்டுக்காரரே என்று பேச வந்திருக்கிறேன். விழாக் குழுவினர் கூப்பிட்டபோதே, இந்த அணி என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மனதில் இல்லாததை மைக் முன்னால் நின்று பேச எனக்கு வராது.

எதிரணித் தம்பி முதலில் பேசினார். 'காசு கொடுத்து டிக்கெட் எடுத்து ஏறினால், எந்த ஊரு, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று குடைகிறார்கள். இது துணையா, தொல்லையா?' என்று கேட்டார். பந்தலே கைதட்டியது. நியாயமான எரிச்சல்தான், நானும் பட்டிருக்கிறேன். அதிலும் 'நீங்க என்ன ஆளுக?' என்று ஒரு கேள்வி சுற்றி வளைத்து வரும் பாருங்கள், அது வந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட வேண்டும். சாதி கேட்கிறவரோடு பேசச் சொல்லி நான் யாரையும் கேட்க மாட்டேன். ஆனால் தம்பி, நாலு பேர் மோசமாகப் பேசுகிறார்கள் என்பதால் பேச்சே வேண்டாம் என்றால் எப்படி?

ஸ்லீப்பர் பெட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் மூன்று பெர்த், எதிரே மூன்று, நடைக்கு அந்தப் பக்கம் சைடு லோயர், சைடு அப்பர். ஒரு தடுப்புக்கு எட்டுப் பேர். படுக்கை நேரம் ராத்திரி 10 முதல் காலை 6 வரைதான் என்று ரயில்வே விதி இருக்கிறது. பகலில் லோயர் பெர்த் மூன்று பேருக்கும் பொது. மிடில் பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்ட வேண்டுமானால் கீழே உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். 'படுத்துக்கலாமுங்களா?' என்று ஒருத்தர் கேட்காமல், 'சரிங்க' என்று இன்னொருத்தர் சொல்லாமல் அந்த ராத்திரி தொடங்காது. ஆர்.ஏ.சி. என்றால் இன்னும் நெருக்கம். ஒரே சைடு லோயரில் இரண்டு பேர், காலை நீட்டினால் அவர் முட்டியில்தான் போய் நிற்கும். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த நாள் வரைக்கும் முகம் பார்க்காமல் இருப்பதற்குத்தான் பெரிய பிரயாசை வேண்டும்.

சரி, கைப்பேசி என்ன செய்கிறது? நேற்று நாம் பார்த்தது மாதிரியே இன்றும் ஒன்றை எடுத்து நீட்டுகிறது. நம் கட்சி, நம் ஆட்கள், நமக்குப் பிடித்த கோபம். எதிர் சீட்டு அப்படி இல்லை. அங்கே யார் வந்து உட்காருவார் என்று நம் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. வண்டியில் ஏறினால்தான் தெரியும். அதனால்தான் நம் வீட்டிலும் தெருவிலும் யாரும் நமக்குச் சொல்லாத ஒன்றை அவர் சொல்லிவிடுகிறார்.

இதற்கு நம் மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார். பெட்டி நிறைய ஜனங்கள், அநேகமாக எல்லோர் மேலும் வெளிநாட்டுத் துணி. அவர் சும்மா இருக்கவில்லை. சிலரிடம் பேச்சுக் கொடுத்து, கதர் உடுத்துங்கள் என்று கேட்டார். அவர்கள் தலையை ஆட்டி, கதர் விலை அதிகம், வாங்கும் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை என்றார்கள். அப்போது அவர் உடம்பில் மேல்சட்டை, தொப்பி, முழு வேட்டி எல்லாம் இருந்தன. உடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே ஓரிரு முறை அவருக்கு வந்திருக்கிறது, ஆனால் துணியவில்லை. மதுரை மேலமாசி வீதியில் ஓர் இரவு தங்கினார். செப்டம்பர் 22 காலை அரை வேட்டியோடு வெளியே வந்தார். கடைசி வரைக்கும் அதுதான் உடை. அவரைச் சுற்றி இருந்த தொண்டர்கள் எல்லோரும் கதர் கட்டியவர்கள். அவர்களில் யாரும் கதர் விலையைப் பற்றி அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. பெயர் தெரியாத ரயில் ஜனங்கள் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2023 மார்ச் மாதம் நம் திருப்பூரில் என்ன நடந்தது? வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கைப்பேசி கைப்பேசியாகப் பரவின. வேறு எங்கோ, வேறு எதற்கோ எடுத்த படங்கள். போலீஸ் பொய் என்று சொல்லியும் பயம் அடங்கவில்லை. அந்தப் பையன்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து வந்த ரயிலில் எத்தனை தமிழர்கள் எதிரே இருந்திருப்பார்கள்! ஒரு வார்த்தை பேசியிருந்தால், 'இல்லை, அந்த அக்கா அப்படிப்பட்டவர் இல்லையே, அந்த அண்ணன் எனக்கு வழி சொன்னாரே' என்று நினைத்துப் பார்க்க ஒரு முகமாவது இருந்திருக்கும். கைப்பேசி சொன்ன தமிழ்நாடு மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அப்படியே. நம் பனியனைத் தைக்கிறவர்களை 'வடக்கன்' என்ற ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறோம். எனக்கு அது வலிக்கிறது.

எதிரணி நண்பர் ஒருவர், 'பேசப் பிடிக்காதவர்களை விட்டுவிடுங்களேன்' என்றார். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. சிகாகோவில் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2014-இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், மற்றவர்களை வழக்கம்போல் போகச் சொன்னார்கள். எது சந்தோஷமாக இருக்கும் என்று வெறுமனே கேட்டபோது, தனியாக இருப்பதுதான் என்றார்கள். உண்மையில் செய்து பார்த்தபோது, பேசியவர்களுக்கே பயணம் நன்றாக இருந்தது. அது தினசரி போய்வரும் ரயில், நம்முடையதுபோல ராத்திரி தாண்டும் வண்டி இல்லை. ஆனாலும் ஒன்று புரிகிறது: எனக்குப் பேசப் பிடிக்காது என்று நாம் நினைப்பது பல நேரம் பேசிப் பார்க்காததால் வருவது.

அப்புறம், எதிரணித் தங்கை சொன்னது. பெண் தனியாகப் போகும்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்றார். அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன் தங்கை, நானும் தனியாகப் போகிறவள்தான். ஒரு தடவை ராத்திரி 11 மணிக்கு மேல், விளக்கு அணைத்த பிறகு, எங்கிருந்தோ வந்த ஓர் ஆள் என் பெர்த்தில் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர் லோயரில் படுத்திருந்த ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்து, 'யாருப்பா நீ? உன் சீட்டு எங்க? அந்தப் பொண்ணு எங்கூட வருது' என்று சத்தம் போட்டார். மேலே இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவன் போய்விட்டான். அந்தப் பாட்டிக்கும் எனக்கும் சாயங்காலம் மூன்று மணி நேரப் பழக்கம், அவ்வளவுதான். ரயில்வே உதவி எண் 139-க்கு அடிக்கலாம், தேவைப்பட்டால் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் உதவி வரும் வரைக்கும் பக்கத்தில் இருப்பது அந்த ஏழு பேர். அவர்களுக்கு நம் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்காதீர்கள் என்று ரயில்வே சொல்கிறது. வாங்க வேண்டாம். பேசுவதற்குப் பிஸ்கட் எதற்கு? அதை எனக்கு ஓர் அம்மா காட்டிக்கொடுத்தார்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்பு. ரூர்கேலாவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு, தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஈரோட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு தம்பதி, ராஞ்சியில் ஏறியவர்கள். கணவர் செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறவர். அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எக்ஸ்ரே கவர் வளையக் கூடாது என்று அவர் அதைத் துண்டில் சுற்றி, படுக்கிறபோதும் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். 'வெல்லூர்' என்றார். எங்கள் பக்கம் பெரிய வியாதி என்றால் வெல்லூர் போ என்றுதான் சொல்வார்கள் என்றார். 1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை ஜார்க்கண்ட் கிராமத்தில் ஒரு நம்பிக்கையின் பெயராக இருக்கிறது. நாலைந்து மணி நேரத் தூரத்தில் இருக்கும் எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று கேட்டேன். அவர் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவன் அனுப்பியது என்றார்.

மத்தியானம் அந்த அம்மா வறுத்த கடலை மாவை, அவர்கள் 'சத்து' என்பார்கள், தட்டில் கொட்டி, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடித்தார். எனக்கு ஒன்று நீட்டினார். வேண்டாம் என்று கையைக் கூப்பினேன். அண்ணி கட்டிக் கொடுத்த புளிசாதத்தை நான் நீட்டினேன். அவரும் கையைக் கூப்பினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரவர் சாப்பாட்டை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அப்புறம் கணவர் ரிப்போர்ட் கவரின் பின்பக்கத்தில் தமிழ் வார்த்தைகளை எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். நான் சொல்லச் சொல்ல இந்தி எழுத்தில் எழுதினார். எவ்வளவு. தண்ணீர். சாப்பாடு. பஸ் எங்கே. டாக்டர் எங்கே. அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மா, வயிற்றில் கையை வைத்து, 'தர்த்' என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டார். 'வலி' என்றேன். வலி, வலி என்று இரண்டு மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விஜயவாடாவில் அவர் தண்ணீர் பிடிக்க இறங்கினார். அந்த நேரத்துக்குக் காத்திருந்ததுபோல, இந்த வலி இரண்டு வருடமாக இருக்கிறது, செலவுக்குப் பயந்து வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். டாக்டரிடம் மறைக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள் என்று தெரிந்த இந்தியையெல்லாம் கூட்டிச் சொன்னேன். தலையாட்டினார். எதிரணித் தலைவர் கேட்டாரே, 'ஸ்டேஷன் வந்தால் முடிந்துபோகும் உறவால் என்ன பயன்' என்று. அய்யா, ஸ்டேஷன் வந்தால் நான் இறங்கிப் போய்விடுவேன், அவர் கிராமத்துக்கு ஒரு நாளும் வரமாட்டேன் என்று தெரிந்ததால்தான் அந்த அம்மாவால் அதைச் சொல்ல முடிந்தது.

காட்பாடி வந்தபோது நல்ல ராத்திரி. பெட்டியில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மூட்டைகளோடு பிளாட்பாரத்தில் இறங்கி நிற்கும்போதே ஓர் ஆட்டோக்காரர் வந்துவிட்டார். கணவர் கவரைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, 'வெல்லூர்... எவ்வளவு?' என்று கேட்டார். ஆட்டோக்காரர் கடகடவென்று தமிழில் ஏதோ சொன்னார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி ஜன்னலில் என்னைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம் நான் சத்தமாகப் பேசி, நூறு ரூபாய் குறைத்து, ஒத்துக்கொண்ட தொகையைக் கம்பி வழியாகக் கையை நீட்டி விரலில் காட்டினேன். அவர் விரல்களை எண்ணித் தலையாட்டினார். அந்த அம்மா எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆட்டோக்காரர் பின்னால் நடக்க ஆரம்பித்தார். வண்டி கிளம்பிவிட்டது.

நடுவர் அய்யா அவர்களே, நன்றி. வணக்கம்.